டிவி டாக்டர் வீட்டு மெக்கானிக்

டிவி டாக்டருக்கு டிவி பழுது பார்க்கத் தெரியாது. இதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுவது நல்லது. இல்லையென்றால் அவர் மேல் வீணாக மரியாதை வளர்ந்து, பிறகு இறக்கி வைப்பது கஷ்டமாகிவிடும். பத்தொன்பது வருஷமாக அந்தத் தெருவிலும் அக்கம்பக்கத்து ஏழெட்டுத் தெருக்களிலும் படுத்துவிட்ட டிவிகளெல்லாம் அவர் வண்டியின் பின்னால் போர்வை சுற்றிக் கட்டப்பட்டுப் போயின. இரண்டொரு நாளில் உயிரோடு திரும்பி வந்தன. அதனால் டாக்டர் என்று பேர் வந்தது. வைத்தியம் பார்த்தது அவர் மனைவி என்பது மூன்றே பேருக்குத்தான் தெரியும்: டாக்டருக்கு, மனைவிக்கு, பள்ளியில் கடைசி வருஷம் படிக்கும் மகளுக்கு.

வீட்டின் பின்னறையில், துணி துவைக்கும் மெஷினுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு நீள மேசை. டிவியைக் குப்புறப் போட்டால் திரையில் கீறல் விழக்கூடாது என்று அதன்மேல் பழைய மெத்தை. கையெட்டும் தூரத்தில் ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் ராடு, மீட்டர், மூடி தொலைந்த டிபன் டப்பாக்களில் ரகம் ரகமாகத் திருகாணி, செத்துப்போன டிவிகளிலிருந்து உருவிய பட்டை வயர் ஒரு கட்டு. அவள் வேலையை முடித்ததும் துண்டுச் சீட்டு ஒன்று எழுதி டிவியின் மேல் ஒட்டுவாள். "பேக்லைட் பட்டி போய்விட்டது. மாற்றியாச்சு. வெளிச்சத்தைக் குறைத்து வைக்கச் சொல்லவும்." அவ்வளவுதான். எழுத்திலும் அவள் வாயைத் திறக்கமாட்டாள்.

டாக்டர் அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போவார். வாடிக்கையாளர் வீட்டு வாசலில் இறங்கியதும் அது வேறு உருவம் எடுக்கும். "பெரியம்மா, உங்க டிவி நல்ல டிவி. படமும் நல்லாயிருக்கு, சத்தமும் நல்லாயிருக்கு. பின்னாடி நின்னு விளக்கு பிடிக்கற ஆளுதான் படுத்துட்டான். அவன எழுப்பி விட்டாச்சு. இனிமே வெளிச்சத்த முழுசா வைக்காதீங்க. நாள் பூரா பல்லக் காட்டிட்டே நில்லுன்னா உங்களுக்கும்தான் வாய் வலிக்கும், இல்லையா?" பெரியம்மா விழுந்து விழுந்து சிரிப்பார். டிவி கெட்டுப்போன வருத்தமே மறந்துபோகும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இந்தப் பிள்ளை பிழைத்தது மட்டுமல்ல, டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டது.

அவர் ஒன்றுக்கும் உதவாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். டிவியைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்குவார். மாடிப்படி வளைவில் ஒரு சிராய்ப்பு விழாமல் இறக்குவார். சுவரில் டிவி மாட்டும் வேலையும் அவர் சொந்தமாகச் செய்வதுதான். அதற்கு எந்தச் சீட்டும் தேவையில்லை என்பதில் அவருக்கு ஒரு தனிப் பெருமை.

இந்தக் கூத்து எப்படித் தொடங்கியது என்றால், கல்யாணமான இரண்டாம் மாதம், வீட்டு டிவியில் படம் போயிற்று. மாப்பிள்ளை முறுக்கில் டாக்டர் அதைத் திறந்து, மூடி, மூன்று திருகாணி மிச்சம் வைத்துவிட்டுக் குறட்டை விட்டுத் தூங்கினார். புதுப்பெண் எலெக்ட்ரானிக்ஸ் பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருஷம் படித்தவள். அவர் எழுந்திருப்பதற்குள் சரி பண்ணி, மிச்சத் திருகாணிகளையும் போட்டு முடித்துவிட்டாள். எதிர்வீட்டு அக்கா வந்து, "யாரு சரி பண்ணினது?" என்று கேட்டாள். புதுப்பெண்ணுக்கு வெட்கம். நாலு பேர் தன்னைப் பார்த்துப் பேசினாலே அவளுக்குக் காது சிவந்துவிடும். "அவருதான்" என்று சொல்லிவிட்டாள். மறுநாள் எதிர்வீட்டு அக்கா தன் டிவியைக் கொண்டுவந்து இறக்கினாள். டாக்டர் மறுக்கவில்லை, அவர் செய்த தப்பு அவ்வளவுதான். ஆனால் அதையே பத்தொன்பது வருஷம் செய்தார்.

போன மாதம் வீடு வீடாகக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, கையிலிருந்த கருவியில் தட்டித் தட்டிக் கேட்டாள். டாக்டர் வழக்கம்போல உற்சாகமாகப் பதில் சொன்னார்.

"உங்க தொழில் என்ன சார்?"

"டிவி மெக்கானிக்."

"உங்க மனைவி என்ன வேலை பாக்கறாங்க?"

"வீட்டு வேலைதான், வேற என்ன?"

சொல்லிவிட்டுத் திரும்பினார். உள்வாசலில் அவள் நின்றிருந்தாள். கையில் சூடான சால்டரிங் ராடு. அதன் நுனியிலிருந்து புகை போய்க்கொண்டிருந்தது. வந்த பெண் "வீட்டு வேலை, சரி" என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது டாக்டருக்கு நினைவு வந்தது. தவளை கத்தி முடித்த பிறகு நினைவு வந்து என்ன பிரயோஜனம்?

அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் டாக்டர் சமாளித்திருப்பார். பேச்சில் அவரை யார் வெல்ல முடியும்? அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். "அப்பாவ சாப்பிட வரச் சொல்லு" என்று மகளிடம் சொல்வாள், அப்பா எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். டிவிகளைச் சரி பண்ணுவதை நிறுத்தவில்லை, அவை என்ன பாவம் செய்தன? சீட்டு எழுதுவதை மட்டும் நிறுத்தினாள். டாக்டர் பயந்துபோய்ப் பின்னறைப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. வாடிக்கையாளர்கள் என்ன கோளாறு என்று கேட்டால், அவர் வாயில் நன்றாகப் படிந்திருந்த ஒரே சொல்லைச் சொன்னார்: பேக்லைட். சத்தம் வராத டிவியைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தபோதும் அதையே சொன்னார்.

"சத்தம் வராததுக்கு எப்படிங்க பேக்லைட் காரணமாகும்?" என்று அந்த வீட்டுக்காரர் கேட்டார்.

"எல்லாம் ஒண்ணுக்கொண்ணு சொந்தக்காரங்கதாங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் வண்டியைக் கிளப்பினார்.

இப்படி இரண்டு வாரம் போயிற்று. குட்டு வெளிப்பட்டுப் பேர் கெட்டுவிடுமோ என்ற பயம் அவருக்கு இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய பயம், அவள் இனி எப்போதுமே மகள் வழியாகத்தான் பேசுவாளோ என்பது. மன்னிப்புக் கேட்க நாலைந்து தடவை வாயைத் திறந்தார். அவளைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் அவரிடம் அலங்காரம் எதுவும் இல்லை.

அப்போதுதான் சலூன்காரரிடமிருந்து போன் வந்தது. "டாக்டர், சத்தம் வருது, படம் வரல. நாலு மணிக்கு இறுதிப் போட்டி. ஓடி வாங்க."

அந்தச் சலூனில் ஆறு நாற்காலி, ஆறு கண்ணாடி. எதிர்ச் சுவரில், மடங்கி நீளும் இரும்புக் கையில் அறுபத்தைந்து இன்ச் டிவி. ஒரு மாதத்துக்கு முன் மாட்டியது டாக்டர்தான். முடி வெட்டிக்கொள்பவர்கள் கண்ணாடி வழியாக டிவி பார்ப்பார்கள். ஸ்கோரை இடம் வலம் மாற்றிப் படிக்க எல்லோரும் பழகியிருந்தார்கள். காத்திருப்பவர்களோ நேராகப் பார்க்க வேண்டும் என்று பெஞ்சுப் பக்கம் திருப்பச் சொல்வார்கள். இப்படி ஒரு நாளைக்கு இருபது தடவை அந்த டிவி இப்படியும் அப்படியும் திரும்பும்.

"படம் இருந்தா தலை ஆடாது டாக்டர்" என்று சலூன்காரர் புலம்பினார். "நேத்துலேர்ந்து ஒருத்தர் தலையும் நேரா நிக்கல. சத்தம் வர்ற பக்கமெல்லாம் திரும்பறாங்க. காலையில ஒருத்தருக்குக் கிருதாவே போயிருக்கும்."

பாதி முகம் நுரையோடு உட்கார்ந்திருந்த தபால்காரர் ஆமாம் என்று தலையாட்டி, கத்தியிலிருந்து மயிரிழையில் தப்பினார்.

டாக்டர் டிவியை ஏற இறங்கப் பார்த்தார். வழக்கமாக இந்த இடத்தில், "எல்லாக் கருவியும் வீட்ல இருக்கு, கொண்டுபோய்த்தான் பாக்கணும்" என்பார். இதை வண்டியில் ஏற்ற முடியாது. நாலு மணிக்கு ஆட்டம் வேறு. எட்டுப் பேர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பேக்லைட்" என்றார்.

எல்லோருக்கும் நிம்மதி. டாக்டர் டார்ச்சை எடுத்தார். பின்னாலிருக்கும் விளக்கு போயிருந்தால், டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் சாய்த்து அடித்தால் இருட்டறையில் ஆள் தெரிவதுபோல மங்கலாகப் படம் தெரியும். மனைவி செய்வதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். அடித்தார். மேலே அடித்தார், கீழே அடித்தார். ஒன்றும் தெரியவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது. "ஒரு நிமிஷம்" என்று வெளியே வந்து மனைவிக்குப் போன் போட்டார். இரண்டு வாரத்தில் முதல் தடவையாக அவள் எடுத்தாள்.

"சலூன் டிவி. சத்தம் வருது, படம் வரல."

"டார்ச் அடிச்சு..." என்று அவளையறியாமல் தொடங்கியவள் சட்டென்று நிறுத்தினாள். "எனக்கு எப்படித் தெரியும்? நான் வீட்டு வேலை பாக்கறவ." போனை வைத்துவிட்டாள்.

வோல்டேஜ் சரியில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றதுபோல எத்தனையோ சாக்கு அவரிடம் இருந்தது. ஒன்றையும் எடுக்க மனம் வரவில்லை. உள்ளே போய், "மெக்கானிக்க கூட்டிட்டு வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். "இவருக்கு மேல ஒரு மெக்கானிக்கா?" என்று தபால்காரர் கேட்டது காதில் விழுந்தது.

வீட்டில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வேண்டுமென்றே, ஒவ்வொரு துணியாக, வீட்டு வேலை என்றால் இதுதான் என்பதுபோல.

"டார்ச் அடிச்சேன். ஒண்ணும் தெரியல" என்றார் டாக்டர்.

மடிப்பு நின்றது. "ஒண்ணுமேவா? நிழல்கூட?"

"ம்ஹூம்."

"அப்ப பேக்லைட் இல்ல." அவள் கண்ணில் ஒரு பளபளப்பு வந்தது. உடனே அதை மறைத்துக்கொண்டு ஒரு தலையணை உறையை எடுத்தாள்.

"நீ வந்து பாரு."

"யாரா வரணும்?"

"மெக்கானிக்கா."

"சொல்வீங்களா? எல்லார் முன்னாடியும்?"

டாக்டர் தலையாட்டினார். "எல்லார் முன்னாடியும்."

அவள் தலையணை உறையை மடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். பையில் மீட்டர், ராடு, பட்டை வயர்க் கட்டு, சின்னச் சின்ன பியூஸ் போட்ட டப்பா எல்லாம் எடுத்துக்கொண்டாள். பையைத் தூக்க டாக்டர் கை நீட்டினார். "நான் தூக்கிக்கறேன்" என்றாள்.

ஆண்கள் சலூனுக்குள் அவள் நுழைந்ததும் கத்திரிகள் நின்றன. அவள் காது சிவந்துவிட்டது. டாக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"எல்லாரும் கேளுங்க. இவங்கதான் மெக்கானிக். நான் இல்ல. பத்தொன்பது வருஷமா உங்க எல்லார் டிவியையும் சரி பண்ணினது இவங்கதான். எங்க வீட்லயும் இதே கோளாறுதான். சத்தம் மட்டும் வெளிய வந்துச்சு, படம் வரல."

தபால்காரர் கைதட்டினார்.

"பாத்தீங்களா? இதுதான் பெரிய மனுஷன் குணம். வீட்டுக்காரம்மாவுக்கு இப்படிப் பேர் குடுக்கற மனசு யாருக்கு வரும்?"

"நிறைகுடம் தளும்பாதுன்னு சும்மாவா சொன்னாங்க?" என்றார் சலூன்காரர். வாழ்க்கையில் ஒரு நாள்கூடத் தளும்பாமல் இருந்திராத டாக்டர் பதறிப்போனார்.

"ஐயோ, சத்தியமா சொல்றேங்க. எனக்கு மீட்டர எந்தப் பக்கம் பிடிக்கறதுன்னுகூடத் தெரியாது!"

எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். டாக்டர் ஜோக் அடிக்காமல் இருப்பாரா? பொய் சொன்ன காலமெல்லாம் நம்பிய ஊர், உண்மை சொன்ன அன்று மட்டும் நம்ப மாட்டேன் என்கிறது. அவருக்கு அழுகை வரும்போல இருந்தது. மனைவி டிவிக்குப் பின்னால் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் தெரியவில்லை.

"எப்ப படம் போச்சுன்னு கேளுங்க" என்றாள் அவள் மெதுவாக, பழக்கதோஷத்தில், கணவனிடம்.

"நீயே கேளு."

அவள் நிமிர்ந்து சலூன்காரரிடம் கேட்டாள். அவர் டாக்டரைப் பார்த்துப் பதில் சொன்னார். "நேத்து சாயங்காலம், டாக்டர். பெஞ்சுப் பக்கம் திருப்பினோம். பொக்குனு போயிருச்சு."

"அதுக்கு முன்னாடி கோடு கோடா வந்துச்சா?"

"ஆமா, டாக்டர். ரெண்டு மூணு நாளா. திருப்பி வச்சா சரியாயிடும்."

அவள் விளக்குகளை அணைக்கச் சொன்னாள். இருட்டில் திரை லேசான சாம்பல் நிறத்தில் ஒளிர்ந்தது. பின்னால் விளக்கு எரிகிறது. படம்தான் திரைவரை வந்து சேரவில்லை. அடுத்து டிவியை இறக்கச் சொன்னாள். பெஞ்சின் மேல் சலூன் துண்டுகளை மூன்று அடுக்காக விரித்து, நாலு பேர் பிடித்துக் குப்புறப் படுக்க வைத்தார்கள். சுவர்த் தகட்டைப் பிடித்திருந்த நாலு திருகாணிகளையும் அவள் கழற்றினாள். மூன்றாவது வந்தபோதே அவள் கை தயங்கியது. ஒவ்வொன்றும் ஒரு விரல் நீளம். பின்மூடியைத் திறந்தாள். வலது கீழ் மூலையில், திருகாணியின் நுனி உள்ளே எட்டிப் பார்த்த இடத்தில், பட்டை வயர் தோல் உரிந்து செம்பு தெரிந்தது. பக்கத்தில் மிளகு அளவுக்குக் கருகல்.

அவள் நாலாவது திருகாணியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். டாக்டருக்கும் அது அடையாளம் தெரிந்தது. டிவியோடு வந்த குட்டைத் திருகாணிகளை வழியில் எங்கேயோ தவறவிட்டுவிட்டு, நீளம் கூடினால் பிடிப்பும் கூடும் என்று வண்டிப் பையில் கிடந்ததை எடுத்து முறுக்கியது அவர் கைதான்.

"என்ன கோளாறு, டாக்டர்?" என்று சலூன்காரர் கேட்டார்.

அவள் விரல்களை மூடிக்கொண்டாள். "வயர் தேஞ்சிருக்கு" என்றாள் குனிந்தபடி. "எல்லா டிவிலயும் வர்றதுதான்."

தன்னை அவள் காப்பாற்றுகிறாள் என்பது டாக்டருக்கு உறைத்தது. இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசாதவள், அவரே குற்றவாளி என்று கையும் களவுமாகப் பிடித்த பிறகும் அவர் பேரைக் காப்பாற்றுகிறாள். அவருக்குத் தாங்கவில்லை. குனிந்து அவள் விரல்களைப் பிரித்துத் திருகாணியை எடுத்து, எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தார்.

"இது நான் போட்ட திருகாணி. இதுல பாதி நீளம்தான் இருக்கணும். சரியானத நான் தொலச்சிட்டேன். நீங்க டிவியத் திருப்பின ஒவ்வொரு தடவையும் இது உள்ள வயர உரசியிருக்கு. உங்க டிவியக் கெடுத்ததே நான்தான்."

இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. தபால்காரர் கன்னத்து நுரை ஒரு சொட்டு மடியில் விழுந்தது.

"ஒரு மெக்கானிக் இப்படிச் செய்வானா?" என்றார் அவர்.

"அதத்தானய்யா வந்ததுலேர்ந்து சொல்லிட்டிருக்கேன்!" என்று டாக்டர் கத்தினார்.

முதலில் சிரித்தது அவர் மனைவிதான். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு சலூனே சிரித்தது. சிரித்து முடித்தபோது சலூன்காரர் முதல் தடவையாக டாக்டரை விட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"அப்ப நீங்க சொல்லுங்கம்மா. நாலு மணிக்குள்ள வருமா?"

அவள் பழக்கத்தில் கணவனைப் பார்த்தாள். டாக்டர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார். பேசுவது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி; அதை அடக்கிக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று முகத்தில் தெரிந்தது. வேறு வழியில்லாமல் அவள் சொன்னாள்.

"மூணு மணிக்கே வந்துரும்ணா. இந்த வயர் வழியாத்தான் படமும் கரண்டும் அந்தச் சின்ன போர்டுக்குப் போகுது. வயர் தகட்டுல பட்டதும் போர்டுல இருக்கற பியூஸ் எரிஞ்சிருச்சு. பியூஸ் தன்ன எரிச்சுக்கிட்டு போர்டக் காப்பாத்தியிருக்கு. வயரையும் பியூசையும் மாத்தினா போதும், திரைக்கு ஒண்ணும் ஆகல."

அவ்வளவு நீளமாக அவள் வெளியாட்களிடம் பேசி டாக்டர் கேட்டதே இல்லை. தான் வாடிக்கையாளர் வாசல்களில் அளக்கும் பேச்சை விட அது நன்றாக இருந்தது என்று அவருக்கே தோன்றியது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பியூஸ் எள்ளைவிடச் சற்றே பெரிது. சலூன்காரர் தன் மேசை விளக்கைத் தூக்கிப் பிடிக்க, அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பழையதை எடுத்துப் புதியதை ஒட்டினாள். பட்டை வயர்க் கட்டில் தேடி, ஒன்பதாவதாக, அளவும் முனையும் பொருந்தும் ஒன்றைக் கண்டுபிடித்தாள். மீட்டரை வைத்துப் பார்த்துத் தலையாட்டினாள். குட்டைத் திருகாணி வாங்கிவர டாக்டரைக் கடைக்கு அனுப்பினாள். கூடவே பழையது ஒன்றையும் கையில் கொடுத்து, "இதுல பாதி" என்று சுண்டுவிரலால் அளந்து காட்டினாள். டாக்டர் பள்ளிக்கூடப் பிள்ளைபோலத் தலையாட்டிவிட்டு ஓடினார்.

இரண்டே முக்காலுக்குச் சுவிட்சைப் போட்டார்கள். முதலில் சத்தம். ஒரு நொடி கறுப்பு. பிறகு படம் வந்தது. சுவரில் ஒன்று, கண்ணாடிகளில் ஆறு. ஆறிலும் பச்சை மைதானம். காலையிலிருந்து அலைந்துகொண்டிருந்த தலைகளெல்லாம் ஒரே நேரத்தில் நேராக நின்றன.

"டாக்டர், இனிமே உங்கள என்னன்னு கூப்பிடறது?" என்று சலூன்காரர் கேட்டார்.

டாக்டர் யோசிப்பதற்குள், "கம்பவுண்டர்!" என்றார் தபால்காரர். டாக்டரும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். ஆனால் சிரிப்பு பாதியிலேயே கொஞ்சம் உள்ளே குத்தியது.

வீடு திரும்பும் வழியில் அவர் பேசவேயில்லை. பையை மடியில் வைத்துப் பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி இரண்டு தெருவரை பொறுத்துப் பார்த்தாள்.

"என்னங்க, வாயத் திறக்கவே காணோம்?"

"தப்புப் பண்ணிட்டேம்மா" என்றார் அவர். கடைசியில் அந்த வாக்கியம் அலங்காரமில்லாமலேதான் வந்தது. "அன்னிக்கு அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் இல்ல. முதல் நாளே."

"முதல் நாள் பொய் சொன்னது நான்தானே? நீங்க அதத் தூக்கிச் சுமந்தீங்க. கொஞ்சம் ஆசையாவே சுமந்தீங்க."

"பயமாவும் இருக்கு. இனிமே என்ன யாரு தேடுவாங்க?"

அவள் தன் வலது கையை அவர் தோளுக்கு மேலாக முன்னால் நீட்டினாள். ஆள்காட்டி விரலில் இரண்டு கொப்புளம்.

"நீங்க பின்னறைக்கு வராத ரெண்டு வாரத்துல ரெண்டு தடவ சுட்டுக்கிட்டேன். பத்தொன்பது வருஷத்துல இப்படி ஆனதில்ல. நீங்க பக்கத்துல உக்காந்து ஊர்க்கதை பேசினாத்தான் எனக்குக் கை ஓடுது. கோவத்துல உங்களக் கூப்பிடவும் முடியல, நீங்க இல்லாம வேலையும் ஓடல." கொஞ்சம் நிறுத்தி, "நல்லா இருக்கு கதை" என்றாள்.

அப்போது அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. கை தானாகப் போயிற்று. பாதி வழியில் நின்றது.

"எடும்மா" என்றார்.

அவள் பின்னாலிருந்தே கையை விட்டு எடுத்துக் காதில் வைத்தாள். "ஆமா, டிவி ரிப்பேர்தான்... டாக்டரா? இருக்காரு, வண்டி ஓட்டிட்டிருக்காரு." குரல் கொஞ்சம் நடுங்கியது. பிறகு நிமிர்ந்தது. "என்கிட்டயே சொல்லுங்க. நான்தான் மெக்கானிக்."

காற்றுச் சத்தத்தில் எதிர்முனை சொல்வது அவளுக்குக் கேட்காமல் போய்விடக் கூடாதே என்று, டாக்டர் வண்டியை ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தார்.